காரில் 5.1 பாட்டு டிஸ்க்: கேளுங்கள், சொல்கிறோம்

போன இதழில் கார் டெக் (காரில் பாட்டு போடும் பெட்டி) பற்றி எழுதியபோது, 'வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே 5.1 பாட்டு டிஸ்க் செய்து காரில் போடலாம்' என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கருக்கும், கனத்த ஒலிக்கான ஒரு வூஃபருக்கும் தனித்தனி ஒலி, மொத்தம் ஆறு சேனல். தொண்டியில் தொடங்கி ராமேஸ்வரம் வரை கடலோரத்து ஆட்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு ஆசை இருப்பது எனக்குத் தெரியாது. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து வந்தபோது ஒரு டபுள் டின் (இரட்டை உயர) டிவிடி டெக் வாங்கி வந்து மாட்டினார். முகப்பில் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் இரண்டு முத்திரையும் இருக்கிறது. நான்கு கதவிலும் ஸ்பீக்கர், டிக்கியில் வூஃபர். ஆனால் 5.1 என்று அட்டையில் போட்ட கச்சேரி டிவிடியைப் போட்டாலும் முன்னாலும் பின்னாலும் ஒரே சத்தம்தான் வருகிறது. டெக் டூப்ளிகேட்டா? (கீழக்கரை)

பதில்: டெக் ஒரிஜினலாகவே இருக்கும், காக்காவைத் திட்டாதீர்கள். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் இரண்டும் ஆறு சேனலைச் சுருக்கி டிஸ்க்கில் வைக்கும் முறைகள். அந்த முத்திரைக்கு அர்த்தம், டிஸ்க்கில் இருக்கும் ஆறு சேனலை டெக்கால் படிக்க முடியும் என்பது மட்டும்தான். படித்த ஆறையும் ஆறு வழியாக வெளியே அனுப்புகிறதா என்பது தனிக் கதை. டெக்கைக் கழற்றி முதுகுப் பக்கம் பாருங்கள். முன் ஜோடி, பின் ஜோடி, வூஃபருக்கு ஒன்று, இவ்வளவுதான் ஆர்சிஏ ஓட்டைகள் (ஒலியை வெளியே கொண்டுபோகும் ஒயரைச் செருகும் இடம்) இருக்கின்றன, 'சென்டர்' என்று எதுவும் இல்லை என்றால், பெரும்பாலும் உங்கள் டெக் ஆறையும் இரண்டாக மடக்கி, அதையே முன்னும் பின்னும் அனுப்புகிறது. பின் ஜோடி என்பது முன் ஜோடியின் நகல்தான்.

ஓட்டையை எண்ணி மட்டும் முடிவுக்கு வரவேண்டாம். ஒரு சோதனை டிஸ்க் செய்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. போனில் உங்கள் குரலிலேயே 'முன் இடது', 'முன் வலது', 'நடு', 'பின் இடது', 'பின் வலது' என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய சேனலில் மட்டும் வைத்து, ஆறாவதான வூஃபர் சேனலில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஒன்றைப் போட்டு, 5.1 ஆக்கி டிவிடியில் ரைட் செய்யுங்கள். காரில் உட்கார்ந்து கேளுங்கள். 'பின் இடது' என்ற குரல் முன் கதவிலிருந்தும் வந்தால் டெக் மடக்குகிறது. உறுமல் கேட்கவே இல்லை என்றாலும் அதே அர்த்தம்தான், ஏனென்றால் டால்பி டிஜிட்டலை ஸ்டீரியோவாக மடக்கும்போது வூஃபர் சேனலை வழக்கமாக அப்படியே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இதை மனதில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

மடக்குகிறது என்று தெரிந்ததும் டெக்கின் செட்டிங்கில் ஒரு முறை தேடுங்கள். சிலவற்றில் 'டவுன்மிக்ஸ்' அல்லது 'ஸ்பீக்கர் செட்டப்' என்று ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும், டிஸ்க்கை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டால்தான் திறக்கும். அங்கே 2 சேனல் என்று இருந்தால் மாற்றிப் பாருங்கள். நடு ஸ்பீக்கர் இல்லை என்று சொல்ல வழி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், நடுவில் வரவேண்டிய குரல் முன் இரண்டுக்கும் பிரிந்து போகும். சொல்லாமல் விட்டால் பாட்டு முழுக்கப் பாடகரே இருக்க மாட்டார், தாளமும் கோரஸும் மட்டும் கேட்கும். அப்படி ஆன இரண்டு கார்களை எனக்குத் தெரியும். இரண்டு பேருமே டிஸ்க் கெட்டுப்போச்சு என்றுதான் சொன்னார்கள்.

கேள்வி: டிவிடியாகப் போடுவதா, டிடிஎஸ் சிடியாகப் போடுவதா, டிவிடி ஆடியோ என்று வேறு சொல்கிறார்கள். எது நல்லது? (மண்டபம்)

பதில்: உங்கள் டெக் எதைப் படிக்கிறதோ அதுதான் நல்லது. ஆனாலும் மூன்றையும் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண டிவிடி வீடியோ வடிவில், அசையாத ஒரு படத்தைப் போட்டு அதனடியில் டால்பி டிஜிட்டல் 5.1 ஒலியை வைப்பது எல்லாவற்றிலும் சுலபம். டிவிடியில் டால்பிக்கு உச்ச வரம்பு நொடிக்கு 448 கிலோபிட், அதையே கண்ணை மூடிக்கொண்டு வையுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஒலி மட்டும் சுமார் 200 எம்பிதான் ஆகும். அசையாத படத்துக்கு 1 மெகாபிட் கொடுத்தால்கூட 4.7 ஜிபி டிஸ்க்கில் ஆறேழு மணி நேரம் கொள்ளும், ராமநாதபுரத்திலிருந்து மதுரை போய்த் திரும்பி வந்தாலும் பாட்டு மிச்சமிருக்கும். டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் போதும். மெனு கினு எதுவும் வைக்காதீர்கள். போட்டவுடன் முதல் பாட்டு ஓட வேண்டும், ஒவ்வொரு பாட்டும் ஒரு அத்தியாயமாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்டீயரிங் பட்டனில் அடுத்த பாட்டுக்குத் தாண்ட முடியும். படம் கறுப்புப் பின்னணியில் பாட்டின் பெயர் மட்டும் போதும், ராத்திரி ஈசிஆரில் போகும்போது பளீர் என்று திரை எரிந்தால் எதிரே மாடு நிற்பதுகூடத் தெரியாது. இன்னொன்று, டிவிடிக்கு ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளந்து பதிகிறோம் என்ற கணக்கு) இருக்க வேண்டும், சிடியிலிருந்து எடுத்தது 44.1 ஆக இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள்.

டிடிஎஸ் சிடி ஒரு தந்திரமான பொருள். ஆறு சேனலையும் சுருக்கி, சாதாரண ஆடியோ சிடிக்குள் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு போல வேஷம் கட்டி உட்கார வைப்பது. வேகம் நொடிக்கு 1411 கிலோபிட், சாதாரண சிடியின் அளவேதான். அதனால் 74 அல்லது 80 நிமிடம் கொள்ளும். சுருக்கம் குறைவு என்பதால் பலர் காதுக்கு டால்பியைவிட இது தேவலை, எனக்கும்தான். ஆனால் டிடிஎஸ் தெரியாத டெக்கில் போட்டால் பாட்டே வராது, 'உஷ்ஷ்ஷ்' என்று முழு வேகத்தில் இரைச்சல் வரும், வால்யூம் கூட்டி வைத்திருந்தால் ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விடும். முதல் தடவை போடும்போது வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மெல்ல ஏற்றுங்கள். ரைட் செய்யும் மென்பொருளில் சத்தத்தைச் சமன் செய்வது, பாட்டுக்குப் பாட்டு கரைந்து சேர்வது மாதிரி 'உதவி' எது டிக் ஆகியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பில் ஒரு பிட் இடம் மாறினாலும் டெக்குக்கு அது டிடிஎஸ் என்று அடையாளம் தெரியாது.

டிவிடி ஆடியோ 2000 வாக்கில் கடைக்கு வந்தது. கேட்பதற்கு அதுதான் ராஜா, 5.1 முழுவதையும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் இழப்பே இல்லாமல் தரும். 2004 மாடலாக ஹோண்டாவின் அக்யூரா பிரிவு அமெரிக்காவில் விற்ற டிஎல் காரில், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே டிவிடி ஆடியோ படிக்கும் செட்டும் 8 ஸ்பீக்கரும் இருந்தன. எலியட் ஷைனர் என்ற ஒலிப்பதிவாளரை வைத்துப் பானசோனிக் செய்த செட் அது. அந்தக் காரை வைத்திருந்தவர்கள் கடையில் டிவிடி ஆடியோ டிஸ்க் அதிகம் கிடைக்காததால் வீட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள், இந்த வீட்டு டிஸ்க் பைத்தியம் பரவியதில் அந்த மாதிரி கார்களுக்கு ஒரு பங்கு உண்டு. நம் ஊரில் அந்தக் காரும் இல்லை, டிவிடி ஆடியோ படிக்கும் டெக்கும் அரிது. உங்களிடம் இருந்தால் சுருக்காமலே 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஆறு சேனல் போடுங்கள். நொடிக்கு 6.9 மெகாபிட் வரும், அந்த வடிவின் வரம்பு 9.6 என்பதால் தாராளம். ஒரு டிஸ்க்கில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) பற்றியும் கேட்டிருந்தீர்கள், அது வீட்டில் ரைட் செய்கிற சரக்கு இல்லை, விடுங்கள்.

கேள்வி: போனில் இருந்த எம்பி3 பாட்டுகளை ஒரு மென்பொருளில் போட்டு 5.1 ஆக மாற்றினேன். பின் ஸ்பீக்கரில் தண்ணீருக்குள் யாரோ பாடுவது போலக் கொழகொழ என்று வருகிறது. என்ன தப்பு? (உச்சிப்புளி)

பதில்: தப்பு மென்பொருளில் இல்லை, சரக்கில் இருக்கிறது. ஸ்டீரியோவிலிருந்து பின் சேனலை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கே புரிந்துவிடும். இடதிலும் வலதிலும் ஒரே மாதிரி இருப்பது நடுவில் நிற்கும் சங்கதி: பாடகர், பேஸ், தபேலாவின் அடி. இடதிலிருந்து வலதைக் கழித்தால் அவையெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடும், மிஞ்சுவது எதிரொலி, வயலின் கூட்டத்தின் அகலம், கைதட்டல். அந்த மிச்சத்தைத்தான் பின்னால் அனுப்புகிறார்கள். எழுபதுகளில் டேவிட் ஹாஃப்லர் என்ற அமெரிக்கர் வெறும் ஸ்பீக்கர் ஒயரை மாற்றிக் கட்டியே இந்தக் கழித்தலைச் செய்து காட்டினார், பிற்பாடு வந்த டால்பி ப்ரோ லாஜிக்கின் அடிப்படையும் இதேதான்.

இப்போது 128 கிலோபிட் எம்பி3க்கு வாருங்கள். அதைச் சுருக்கியவன் இடத்தை மிச்சப்படுத்தக் கை வைத்ததே அந்த வித்தியாசத்தில்தான், காது அதிகம் கவனிக்காது என்ற நம்பிக்கையில். முன்னால் பாடகர் சத்தமாக இருக்கும்வரை அந்தக் குறை மறைந்திருக்கிறது. நீங்கள் பாடகரைக் கழித்துவிட்டு அந்தக் குறையை மட்டும் தனியாக எடுத்துப் பின் கதவில் ஒலிக்க விடுகிறீர்கள், கொழகொழ கேட்காமல் என்ன செய்யும். எம்பி3யை வேவ் ஆக மாற்றிவிட்டுச் செய்தால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கருவாட்டை ஊற வைத்தால் மறுபடி மீனாகுமா? ஒரிஜினல் சிடியிலிருந்தோ, இழப்பில்லாத ஃப்ளாக் கோப்பிலிருந்தோ தொடங்குங்கள். கேசட்டிலிருந்து எடுத்ததும் வேண்டாம். டேப்பின் இரைச்சல் இடதில் ஒன்றாகவும் வலதில் வேறாகவும் இருக்கும், கழித்தாலும் போகாது, பின் ஸ்பீக்கரில் வண்டி முழுக்க 'உஸ்'தான்.

கையால் செய்து பார்க்க விரும்பினால் ஆடாசிட்டியில் ஸ்டீரியோவைப் பிரித்து, ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி, இரண்டையும் கலந்தால் அந்த வித்தியாசம் வந்துவிடும். அதில் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் மழுக்கி, பின் இடதுக்கு 12 மில்லிசெகண்ட், பின் வலதுக்கு 17 மில்லிசெகண்ட் என்று தாமதம் கொடுத்து, முன்னைவிட 4 அல்லது 5 டெசிபல் தாழ்த்தி வையுங்கள். தாமதம் எதற்கு என்றால், முதலில் வந்து சேரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அங்கேதான் பாட்டு இருக்கிறது என்று காது நம்பும், பின்னால் வருவதை இடத்தின் அகலமாக எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே தாமதம் கொடுத்தால் பின் ஒலி தலைக்குள்ளேயே நிற்பது போல ஒரு மாதிரி இருக்கும், அதனால்தான் 12, 17.

இந்த 4, 5 டெசிபலை வீட்டில் ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நிற்கிற காரில் சரியாக இருக்கும் பின் சேனல், ஜன்னலை இறக்கிக்கொண்டு 80-இல் போகும்போது காணாமல் போகும், பாம்பன் பாலத்தில் அடிக்கும் காற்றுக்கு முன்னால் நாம் எதைப் போட்டாலும் தோற்றுவிடும் என்பது வேறு. ஒரே பாட்டை மூன்று விதமான அளவில் ஒரு டிஸ்க்கில் போட்டு, ஓட்டிப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். ஓட்டுவது வேறு ஒருவராக இருக்கட்டும்.

அப்புறம் பேஸ். எல்லோரும் செய்வது, தாளத்தை எல்லாம் வழித்து வூஃபர் சேனலில் கொட்டுவது. முதல் கேள்வியில் சொன்னேனே, மடக்கும் டெக் அந்தச் சேனலைத் தூக்கிப் போட்டுவிடும் என்று. உங்கள் டிஸ்க்கை மச்சான் காரில் போட்டால் பேஸே இல்லாத பாட்டுதான் கேட்கும். பேஸ் முன் இடது, வலதில் முழுசாக இருக்கட்டும், வூஃபர் சேனலில் கூடுதலாக ஒரு சிட்டிகை மட்டும். டால்பி டிஸ்க்கில் அந்தச் சேனலை டீகோடர் (சுருக்கிய ஒலியை விரிக்கும் பகுதி) மற்றவற்றைவிட 10 டெசிபல் உயர்த்தித்தான் ஒலிக்க விடும், ஆகவே நீங்கள் நினைப்பதைவிட அது பெரிதாகவே கேட்கும்.

கேள்வி: கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டுகளுக்கு மேலே சொன்ன வழி பலிக்குமா? என் வீட்டுக்காரருக்கு அந்தப் பாட்டுகள்தான் உயிர். (தொண்டி)

பதில்: பலிக்காது அம்மா. அவை மோனோ, இடதும் வலதும் ஒன்றே. கழித்தால் பூஜ்யம், பின் ஸ்பீக்கர் மௌன விரதம் இருக்கும். இப்போது வேறு வழி வந்திருக்கிறது. 2019-இல் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்று ஒன்றை இலவசமாக வெளியிட்டது, ஃபேஸ்புக் ஆட்கள் வெளியிட்ட டெமக்ஸும் உண்டு. பாட்டைக் கொடுத்தால் குரல், தாளம், பேஸ், மற்ற வாத்தியங்கள் என்று நான்காகப் பிரித்துத் தரும், மோனோவிலும் ஓரளவு வேலை செய்யும். குரலை நடுவில் வைத்து, வாத்தியத்தை முன்னால் பரப்பி, அதன் லேசான எதிரொலியைப் பின்னால் விடலாம்.

ஆனால் என் அபிப்பிராயம் கேட்டால், வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரு மைக் முன்னால் நின்று எல்லோரும் சேர்ந்து வாசித்ததைப் பிரிக்கும்போது குரலின் ஓரத்தில் புல்லாங்குழல் ஒட்டிக்கொண்டு வரும், நாதஸ்வரத்தைக் குரல் என்று நினைத்து நடுவில் கொண்டுபோய் வைக்கும். அவருக்கு நடு ஸ்பீக்கர் ஒன்றை டேஷ்போர்டில் வைத்து, மோனோவை மோனோவாகவே முன்னால் ஒலிக்க விடுங்கள், சந்தோஷப்படுவார்.

கேள்வி: எங்கள் தேவாலயப் பாடகர் குழுவின் பாட்டுகளை 8 டிராக் ரெக்கார்டரில் தனித்தனி மைக் வைத்துப் பதிவு செய்திருக்கிறோம். அதை 5.1 ஆக்க முடியுமா அண்ணா? (தங்கச்சிமடம்)

பதில்: தங்கச்சி, இத்தனை கடிதத்தில் உண்மையிலேயே 5.1 செய்யத் தகுந்த சரக்கு உங்களிடம்தான் இருக்கிறது. மற்ற எல்லோரும் கலந்துவிட்டதைப் பிரிக்கப் போராடுகிறார்கள், உங்களிடம் கலக்காததே இருக்கிறது. எந்தக் குரல் எங்கே நிற்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

நான் செய்தால் இப்படிச் செய்வேன். முன்னணிப் பாடகியை நடுச் சேனலில் வைப்பேன், ஆனால் முழுக்க அங்கேயே அடைக்க மாட்டேன், அவர் குரலையே 6 டெசிபல் தாழ்த்தி முன் இடது, வலதிலும் கலப்பேன். நடு ஸ்பீக்கர் இல்லாத காரிலும் குரல் தொலையாது. கீபோர்டும் கிதாரும் முன் இரண்டில். குழுவில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் நின்று பாடினீர்கள் என்றால் அவர்களைப் பக்கவாட்டில், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வரும்படி, முன்னில் பாதி பின்னில் பாதி என்று வையுங்கள். ஆலயத்தின் கூரை எதிரொலி, மக்கள் சேர்ந்து பாடும் பகுதி இதெல்லாம் பின்னால். தாளமும் பேஸும் பின்னால் போகவே கூடாது, அது முதுகில் யாரோ தட்டுவது மாதிரி இருக்கும், ஓட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

பின் சீட்டில் உட்காருகிறவர்களை மறக்காதீர்கள். அவர்கள் காதுக்கு அருகில் இருப்பது பின் ஸ்பீக்கர்தான். பின்னால் எதிரொலி மட்டும் இருந்தால் அவர்களுக்குப் பாட்டே விளங்காது. அதனால் பாடகியை ஒரு துளி, 12 டெசிபல் தாழ்த்தியாவது பின்னாலும் விடுங்கள். சினிமா தியேட்டருக்கு மிக்ஸ் செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, காருக்குச் செய்கிறவர்களுக்கு உண்டு.

ஆறு சேனலையும் ஒரே வேவ் கோப்பாக வெளியே எடுக்கும்போது வரிசை முக்கியம்: முன் இடது, முன் வலது, நடு, வூஃபர், பின் இடது, பின் வலது. இடது, நடு, வலது என்று தொடங்கும் வரிசையும் சில மென்பொருளில் உண்டு, அதைக் கொண்டுவந்து இதில் போட்டால் பாடகி வலது கதவில் நின்று பாடுவார். வேவ் கையில் வந்ததும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் 448 கிலோபிட் டால்பியாக மாற்றுங்கள். அங்கே 'டயலாக் நார்மலைசேஷன்' என்ற எண்ணை மைனஸ் 31-இல் வையுங்கள், வேறு எண் இருந்தால் டெக் தானாகவே சத்தத்தைக் குறைத்துவிடும், எங்கள் டிஸ்க் மட்டும் ஏன் சன்னமாகக் கேட்கிறது என்று மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

பாட்டுக்கு முன்னால் கடல் அலை சேர்க்க அரிச்சல்முனையில் பதிவு செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்யுங்கள், ஆனால் அங்கே காற்றுதான் பதிவாகும், கடல் ஆகாது. மைக்குக்கு ரோமம் போன்ற காற்று உறை போட்டு, வண்டியின் மறைவில் உட்கார்ந்து, அதிகாலையில் பதிவு செய்யுங்கள். நான்கு போனை நான்கு பக்கம் வைத்தால் ஆரம்பத்தில் நடுவில் நின்று பலமாக ஒரு கைதட்டு, பின்னால் ஒன்றோடொன்று பொருத்த அதுதான் அடையாளம். ஒவ்வொரு போனின் கடிகாரமும் கொஞ்சம் விலகும், ஆகவே நீளமாகப் பதிவு செய்யாமல் ஐந்தைந்து நிமிடமாக வெட்டி வெட்டி எடுங்கள்.

கேள்வி: டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன், 14 சீட். 5.1 போட்டால் பயணிகள் அசந்துபோவார்களா? (ராமேஸ்வரம்)

பதில்: மாட்டார்கள் அண்ணே. கடைசி சீட்டில் இருப்பவருக்குக் கோரஸ் மட்டும் கேட்கும், முதல் சீட்டில் இருப்பவருக்குக் குரல் மட்டும். வேனுக்கு வரிசைக்கு இரண்டு ஸ்பீக்கர் வைத்து எல்லாவற்றிலும் ஒரே ஒலி, அதுதான் சரி. ராத்திரி ரயிலுக்கு வந்து இறங்கினவர்கள் தூங்கத்தான் ஆசைப்படுவார்கள், வால்யூமையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் டெக்கில் சென்டர் அவுட் இல்லை, ஆனால் டிஜிட்டல் கோஆக்சியல் அவுட் (சுருக்கிய ஒலியை விரிக்காமல் அப்படியே வெளியே தரும் ஓட்டை) இருக்கிறது. வெளியே டீகோடர் வைத்தால் நடக்குமா? ஹாஃப்லர் முறையில் ஒயரை மாற்றிக் கட்டச் சொல்லி ஒரு கடைக்காரர் சொல்கிறார். (ராமநாதபுரம்)

பதில்: நடக்கும், அதுதான் உருப்படியான வழி. டால்பியும் டிடிஎஸ்ஸும் படித்து ஆறு ஆர்சிஏவாகத் தரும் சின்ன டீகோடர் பெட்டி கடையில் கிடைக்கிறது. பெரும்பாலும் 5 வோல்ட், போன் சார்ஜர் முனையே போதும். ஆறு சேனலுக்கும் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) வேண்டும்: நாலு மூலைக்கு ஒரு 4 சேனல் ஆம்ப், நடுவுக்கும் வூஃபருக்கும் இன்னொன்று. பேட்டரி ஒயர் ஒரு ஓரமாகவும் ஆர்சிஏ ஒயர் மறு ஓரமாகவும் போகட்டும், டெக், டீகோடர், ஆம்ப் மூன்றுக்கும் எர்த் ஒரே இடத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஈ' என்று சத்தம் ஏறும்.

கடைக்காரர் சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். ஹாஃப்லர் கட்டு பழைய வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கானது, அதில் இரண்டு பக்கத்து நெகட்டிவும் ஒரே எர்த். கார் டெக்கின் உள் ஆம்ப்பில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் உயிருள்ள ஒயர், எர்த்தோடு எதுவும் சேராது. அதில் ஒன்றைப் பாடியில் தொட்டாலும், வேறு சேனலோடு முடிந்தாலும் டெக்கின் ஐசி போய்விடலாம்.

உங்கள் இரண்டாவது கேள்வி, வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதால் வலது ஸ்பீக்கரே அதிகம் கேட்கிறது என்பது. ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். உங்கள் தலையிலிருந்து வலது ஸ்பீக்கர் 80, இடது 140 சென்டிமீட்டர் என்றால், வலதுக்கு சுமார் 1.8 மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வந்து சேரும். இதை டெக்கிலோ டிஎஸ்பியிலோ (ஒலியைத் திருத்தும் தனிப் பெட்டி) செய்யுங்கள். டிஸ்க்கிலேயே போட்டுவிட்டால் இடது சீட்டில் இருப்பவருக்கும், நாளைக்கு நீங்கள் மாற்றப்போகும் காருக்கும் அது கேடு.

கேள்வி: பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறேன். சினிமாப் பாட்டுகளை 5.1 டிஸ்க்காகப் போட்டு விற்கலாமா? (ராமநாதபுரம்)

பதில்: கூடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது, வியாபாரத்துக்குத் தராது. தங்கச்சிமடத்துத் தங்கை மாதிரி சொந்தப் பதிவு வைத்திருப்பவர்களுக்கு மிக்ஸ் செய்து கொடுத்துக் கூலி வாங்குங்கள், அதில் வம்பில்லை.

கேள்வி: போன கோடையில் செய்த டிஸ்க் எல்லாம் இப்போது திக்கித் திக்கி ஓடுகிறது. கடைசியாகப் போட்டது டெக்குக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. (தேவிபட்டினம்)

பதில்: மாட்டிக்கொண்ட டிஸ்க்கின் மேல் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தீர்களா? ஒட்டியிருப்பீர்கள். வெயிலில் பசை இளகி, ஓரம் தூக்கி, உள்ளே உருளையில் சுற்றிக்கொள்ளும். காரில் போடும் டிஸ்க்குக்கு ஸ்டிக்கரே கூடாது, டிஸ்க்குக்கென்று விற்கும் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவால் சிடியில் அழுத்தி எழுதினால் கீழே இருக்கும் படலத்தில் கீறல் விழும்.

திக்குவதற்குக் காரணம் வெயில். வீட்டில் ரைட் செய்யும் டிஸ்க்கில் தகவல் இருப்பது ஒரு சாயத்தில், வெயிலும் வெளிச்சமும் பட்டால் அது வெளுக்கும். கடையில் வாங்கும் டிஸ்க் அச்சில் அழுத்தியது, அதற்கு இந்தப் பிரச்சினை கிடையாது. மூடிய காரின் டேஷ்போர்டு நம் ஊர் சித்திரை வெயிலில் 70 டிகிரியைத் தொடும், அங்கே மட்டும் வைக்காதீர்கள். உறை போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள், கோப்புகளை வீட்டில் ஹார்டு டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள், டிஸ்க் போனால் வேறு ஒன்று ரைட் செய்துகொள்ளலாம். ரைட் செய்யும் வேகம் 4 அல்லது 8-க்கு மேல் வேண்டாம், முடிவில் 'ஃபைனலைஸ்' (மற்ற டெக்கும் படிக்கும்படி டிஸ்க்கை முடித்து மூடுவது) ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

எல்லா டிஸ்க்கும் திக்கினால் தப்பு லென்ஸில் இருக்கலாம். உப்புக் காற்றில் ஜன்னலைத் திறந்து போட்டு ஓட்டுகிறோம், லென்ஸ் மேல் மெல்லிய படலம் படியும். கடையில் வாங்கிய ஒரு ஒரிஜினல் டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் திக்கினால் லென்ஸைத் துடைக்க டெக்கைக் கழற்ற வேண்டியிருக்கும், கழற்றும்போதே பின்னாலுள்ள ஆர்சிஏ முனைகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று பார்த்துச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கதவு ஸ்பீக்கரை மாற்றுகிற யோசனை இருந்தால் காகிதக் கூம்பு வேண்டாம், பாலிபுரோப்பிலீன் கூம்பாகக் கேட்டு வாங்குங்கள், கடலோரத்தில் அதுதான் தாங்கும்.